கண்ணைப் பறிப்பது வீட்டு ஏல் இல்லை

"தம்பி, நீங்க சொன்னாக் கேப்பான். வீட்லயே பீர் போடுறேன்னு கெளம்பிட்டான். கண்ணு போயிடும்னு கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

லண்டனில் ஏதாவது ஒரு தமிழ் வீட்டில் பையனோ மருமகனோ பிளாஸ்டிக் வாளியும் மால்ட் சாறு டப்பாவும் வாங்கி வந்தால் போதும், அடுத்த வாரமே எனக்கு இந்த அழைப்பு வந்துவிடுகிறது. பீர் ஆலை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் சொன்னால் பையன் பயந்து விட்டுவிடுவான் என்று நம்புகிறார்கள். படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், மருந்துக் கடை வைத்திருப்பவர்கள்கூட இதையே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

நேராகவே சொல்கிறேன். மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றில் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கும் ஏல் என்ற பீர் வகையில், மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் பார்வையைப் பறிக்கும் அளவுக்கு உண்டாக வழியே கிடையாது. கறுப்பு ஏலானாலும் வெளிர் ஏலானாலும் இதுதான் நிலைமை. கவனக்குறைவாகச் செய்தால்? ஏல் புளித்துப்போகும், நாறும், கொட்ட வேண்டியிருக்கும். கண் போகாது.

ஏன் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மால்ட்டில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று, போதை தரும் எத்தனாலும் கரியமில வாயுவும் தருகிறது. சர்க்கரையிலிருந்து மெத்தனால் செய்யும் வேலை ஈஸ்டுக்குத் தெரியாது. மெத்தனால் வருவது பெக்டினிலிருந்து. பழத்தோலிலும் சதையிலும் இருக்கும் பொருள் அது; ஜாம் கெட்டிப்படுவது அதனால்தான். பழத்திலேயே உள்ள ஒரு நொதி பெக்டினை அறுக்கும்போது கொஞ்சம் மெத்தனால் கழன்று வருகிறது. பார்லியில் பெக்டின் மிகமிகச் சொற்பம். அறுப்பதற்குப் பொருளே அவ்வளவு குறைவான இடத்தில் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு மெத்தனால் எங்கிருந்து வரும்?

அளவு வேண்டுமா, தருகிறேன். மெத்தனால் பற்றி உலக சுகாதார நிறுவனம் 1997-இல் வெளியிட்ட தொகுப்பில், பீரில் லிட்டருக்கு 6 முதல் 27 மில்லிகிராம் வரை என்று இருக்கிறது. அதே தொகுப்பில் பழச்சாறுகளுக்கான சராசரி லிட்டருக்கு 140 மில்லிகிராம். அதாவது, பையன் பீர் போடுகிறான் என்று என்னைக் கூப்பிட்டுப் பதறுகிற வீட்டில், குழந்தைக்குக் காலையில் ஊற்றிக் கொடுக்கும் பழச்சாறில் பீரைவிடப் பல மடங்கு மெத்தனால் இருக்கலாம். அதனாலும் யாருக்கும் கண் போவதில்லை. அந்த அளவை உடம்பு சாதாரணமாகச் சமாளித்து வெளியேற்றிவிடுகிறது.

சுத்தமான மெத்தனால் 10 மில்லிலிட்டர் உள்ளே போனாலே பார்வை போகக்கூடும் என்பது மருத்துவப் புத்தகங்களில் உள்ள கணக்கு. எடையில் அது சுமார் 8 கிராம். லிட்டருக்கு 27 மில்லிகிராம் என்ற உச்ச அளவையே எடுத்துக்கொண்டாலும், அந்த 8 கிராம் சேர 290 லிட்டருக்கும் மேல் பீர் குடிக்க வேண்டும். வீட்டில் ஒரு முறை போடுவது 20 லிட்டர். அப்படிப் பதினான்கு வாளிக்கு மேல், ஒரே மூச்சில். இன்னொன்றும் இருக்கிறது. மெத்தனாலைக் கல்லீரல் நொதி ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் அது கண் நரம்பைத் தாக்குகிறது. அந்த நொதியை எத்தனால் முந்திப் பிடித்துக்கொள்ளும். மெத்தனால் விஷத்துக்கு ஃபோமெபிசோல் என்ற மருந்து கிடைக்காத மருத்துவமனைகளில் எத்தனாலையே மாற்று மருந்தாகக் கொடுப்பது இதனால்தான். பீரில் எத்தனால் மெத்தனாலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம்.

அப்படியானால் கண் போனவர்கள் யார்? நிஜமாகவே போயிருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. 2023 மே மாதம் தமிழ்நாட்டில் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் குடித்தது சாராயமே இல்லை, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல் துறையே அறிவித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் மெத்தனால்தான். பானையில் புளித்து வந்த மெத்தனால் இல்லை அது. மனிதன் கொண்டுவந்து கலந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோதும் இதே கதை. குடிக்க முடியாதபடி தொழிற்சாலை ஆல்கஹாலில் மெத்தனால் சேர்க்கச் சொன்னது அரசாங்கம். 1926 கடைசியில் அதன் அளவை இன்னும் கூட்டச் சொன்னது. கள்ளச் சந்தைக்காரர்கள் அதைத் திருடி விற்றார்கள். குடித்தவர்கள் செத்தார்கள், குருடானார்கள்.

இந்தப் புரளி மேல் எனக்கு இருக்கும் கோபம் இங்கேதான். "வீட்டில் புளிக்க வைத்தால் விஷமாகிவிடும்" என்று சொல்லும்போது, கருணாபுரத்தில் நடந்ததை ஏதோ பக்குவம் தவறிய விபத்து போல ஆக்கிவிடுகிறோம். அது பக்குவத் தவறு இல்லை. ஒரு ரசாயனத்தை வாங்கி, பாக்கெட்டில் அடைத்து, கூலிக்காரர்களுக்கு விற்ற குற்றம். பழியை ஈஸ்டின் மேல் போட்டால் கலந்தவன் தப்பிக்கிறான்.

"அப்போ வடிச்சா?" என்று அடுத்த கேள்வி வரும். வடிப்பது வேறு வேலை. பிரிட்டனில் உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பீர் போடுவதற்கு அப்படியில்லை. 1880 முதல் வீட்டில் போடுவதற்கும் உரிமம் கேட்டார்கள். 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த விதியை எடுத்துவிட்டார். சொந்தமாகக் குடிக்கப் போடலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் போட அனுமதி இல்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் ஈஸ்டும் மால்ட்டும் எடுத்துக்கொண்டு போய்ச் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

மற்ற நம்பிக்கைகள் இவ்வளவு இடத்துக்குத் தகுதியானவை அல்ல.

கறுப்பாக இருந்தால் போதை அதிகம் என்கிறார்கள். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தம் கிடையாது. கறுப்பான கின்னஸ் டிராட் சுமார் 4.2 சதவீதம்தான், பொன்னிறமான பெல்ஜிய டூவல் 8.5 சதவீதம். இலங்கையிலிருந்து வந்தவர்களிடம் இந்த நம்பிக்கை வலுவாக இருப்பதற்கு லயன் ஸ்டவுட் என்ற அந்த ஊர்க் கறுப்பு பீர் ஒரு காரணமாக இருக்கலாம், அது 8.8 சதவீதம். ஆனால் அதைக் கறுப்பாக்கியது வறுத்த மால்ட். போதையைத் தந்தது அதில் சேர்ந்த மொத்த மால்ட்டின் அளவு. 1817-இல் டேனியல் வீலர் உருளை வறுப்பானுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, கொஞ்சம் கருக வறுத்த மால்ட்டே ஒரு பீப்பாயைக் கறுப்பாக்கப் போதும் என்று ஆகிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். 4 கிலோ வெளிர் மால்ட்டுக்கு 200 கிராம் கறுப்பு மால்ட் போட்டாலே ஏல் கறுத்துவிடும். கறுப்பு போதவில்லை என்று அரைக் கிலோ கொட்டுகிறவர்களுக்குக் கிடைப்பது சாம்பல் கரைத்த தண்ணீர்.

பிள்ளை பெற்றவளுக்கு ஸ்டவுட் கொடுத்தால் ரத்தம் ஊறும், பால் ஊறும் என்பது மலேசியாவிலும் இலங்கையிலும் இருந்து வந்த குடும்பங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்டவுட் உடம்புக்கு நல்லது என்று 1929 முதல் பிரிட்டனில் செய்த விளம்பரத்தின் மிச்சமும் இதில் கலந்திருக்கிறது. ஒரு பைன்ட் ஸ்டவுட்டில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராமைத் தொடாது. பால் விஷயத்தில் நடப்பது தலைகீழ்: 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், தாய் மது குடித்த பின் வந்த சில மணி நேரத்தில் குழந்தைகள் குடித்த பால் குறைந்தது. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

புதிதாகக் கற்பவர்கள் கறுப்பு ஏலில் தொடங்கக் கூடாது என்பதும் தவறு. வறுத்த மால்ட்டின் காபி வாசனை சின்னச் சின்னக் குறைகளை மூடிவிடும். வெளிர் லாகரில் அந்தச் சலுகை இல்லை. லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். வறுத்த மால்ட்டின் அமிலம் அதைச் சரிக்கட்டுகிறது. போர்ட்டர் என்ற கறுப்பு பீர் இந்த ஊரில் பிறந்ததற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம். மால்ட் சாற்றில் செய்கிறவர்கள் வறுத்த மால்ட்டைத் துணிப்பையில் கட்டி, 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு எடுத்துவிடுங்கள். பையோடு கொதிக்க விட்டால் துவர்க்கும்.

வீட்டில் போடும் ஏலில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை. பாட்டில் வெடிப்பது. கண்ணாடிச் சில்லு கண்ணில் பட்டால் பார்வை போகும்.

வாளி மூடியில் செருகிய காற்றுப்பூட்டில் குமிழி நின்றால் புளித்தது முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். முடிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சமையலறை இரவில் குளிர்ந்தால் ஈஸ்ட் பாதியில் தூங்கிவிடும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு ஓரத்தில் கசிந்து, குமிழியே வராது. இரண்டுக்கும் பூட்டு ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஹைட்ரோமீட்டர் ஒன்றே உண்மையைச் சொல்லும். பால் சொசைட்டியில் பாலில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாய் நினைவிருக்கிறதா, அதே இனம்தான். ஈஸ்ட் போடுவதற்கு முன் கொஞ்சம் எடுத்து மிதக்கவிட்டால் 1.050 என்று காட்டும். சர்க்கரை குறையக் குறையக் குழாய் உள்ளே இறங்கும். நன்றாகப் புளித்த கறுப்பு ஏல் 1.012 பக்கம் வந்து நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131 ஆல் பெருக்குங்கள். 5 சதவீதத்தை ஒட்டி வரும், அதுதான் உங்கள் ஏலின் ஆல்கஹால்.

இப்போது ஒருவர் 1.016-இலேயே குமிழி நின்றுவிட்டது என்று பாட்டிலில் அடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நுரைக்காக லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரையும் போடுகிறார், அந்த அளவு சரியானது. ஆனால் மிச்சமிருக்கும் அந்த நாலு புள்ளியும் பாட்டிலுக்குள் புளிக்கும். உள்ளே சேரும் வாயு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். மார்ச்சில் அடைத்தது, ஜூன் வெயிலில் அலமாரிக்குள் வெடிக்கும். பழைய ஜூஸ் பாட்டிலில் அடைத்திருந்தால் ஜூன் வரைகூடத் தாங்காது. பீருக்கென்றே செய்த கனமான பாட்டிலைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

மலிவாகக் கிடைக்கும் தொடக்கப் பெட்டிகள் பலவற்றில் வாளி இருக்கிறது, மரத்துடுப்புகூட இருக்கிறது, ஹைட்ரோமீட்டர் இல்லை. அது இல்லாமல் ஒரு பெட்டியும் விற்கக் கூடாது என்று நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், கடைக்காரர்களிடம் சண்டையும் போட்டிருக்கிறேன். விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் அடங்கும். கண்ணுக்குப் பயந்து என்னைக் கூப்பிடும் அத்தைகளுக்கும் மாமாக்களுக்கும் நான் சொல்வது இதுதான்: பையனைத் திட்டாதீர்கள், பிறந்தநாளுக்கு ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கிக் கொடுங்கள். அதோடு ஒரு நோட்டுப் புத்தகம். போட்ட தேதி, ஈஸ்ட் போட்டபோது இருந்த அளவு, வாளியின் சூடு எல்லாம் அதில் எழுதட்டும். வாளியை 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம் விட்டுவைக்கட்டும். அதற்குப் பிறகு ஒரு நாள் அளந்து, இரண்டு நாள் கழித்து மறுபடி அளக்கட்டும். இரண்டு அளவும் ஒன்றாக, எதிர்பார்த்த இடத்தில் இருந்தால் பாட்டிலில் அடைக்கலாம். இல்லையென்றால் வாளியைக் கொஞ்சம் கதகதப்பான இடத்துக்கு நகர்த்திவிட்டு இன்னும் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.