யானைமேல் துஞ்சிய இளவரசன்

1066ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மானியர் புறங்காட்டி ஓடுவதுபோல் நடித்தனர். துரத்திச் சென்ற ஆங்கிலேயரின் கேடய அணி குலைந்தது. மாலையில் மன்னன் ஹரால்டு வீழவே படை சிதறியது.

தலைவன் வீழ்ச்சியால் போர் திரும்பியமைக்குத் தமிழகச் சான்று, 949இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் நிகழ்ந்த போராகும். நம் குற்றாலமலை சார்ந்த பாண்டிய நாட்டையும் வென்று ‘மதுரை கொண்டவன்’ எனப் பெயர்பெற்ற முதற் பராந்தகனின் மைந்தன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனை அங்கு எதிர்த்தான். யானைமேல் வீற்றிருந்தமையால் தன் படைக்குத் தெரிந்தவன், பகைவர் வில்லுக்கும் தெரிந்தான். கங்க மன்னன் பூதுகன் அவனைக் கொன்றான். அம்பு நெஞ்சைப் பிளந்தது என்கிறது சோழர் செப்பேடு. சோழர் அணி உடைந்தது. தொண்டை மண்டலம் கைநழுவிற்று.

பூதுகன் தன் வீரன் மணலேரனுக்கு, அவன் விரும்பிக் கேட்ட வேட்டைநாயையே பரிசளித்தான் என்கிறது ஆதகூர்க் கல்வெட்டு. தோற்ற இளவரசனைத் தமிழ்க் கல்வெட்டுகள் ‘ஆனைமேல் துஞ்சின’ தேவர் என்றே குறிக்கின்றன.