வாய்க்கால் வழியே ஒரு ஸ்பெயின் பயணம்

ஐரோப்பாவுக்குப் போக நினைக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். பாரிஸ், ரோம், வெனிஸ், பார்சலோனா, லிஸ்பன். இவ்வளவு காசு கட்டிப் போகிறோம், ஒன்றையும் விடக்கூடாது என்ற எண்ணம். பட்டியல் நீள நீள, பயணத்தில் பாதி விமான நிலையத்திலும் பெட்டி இழுப்பதிலும் கரைந்துவிடும். மனைவியோடும் உம்மாவோடும் எங்கள் ஊரான வரிப்பத்தான்சேனையிலிருந்து ஸ்பெயினுக்குப் போய்வந்த பிறகு, திட்டம் போடுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: எந்த ஊர் என்று யோசிப்பதற்கு முன் எதைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். அது முடிவானால் ஊர்ப் பட்டியல் தானாகவே சுருங்கும்.

ஒரே ஒரு நூல்

எங்கள் குடும்பம் இறக்காமம் குளத்தையும் கல்லோயா வாய்க்கால்களையும் நம்பி வெள்ளாமை செய்கிற குடும்பம். சின்ன வயதில் மதரசாவில் குர்துபா (கொர்டோபா), கர்னாத்தா (கிரானடா) என்று கேட்டு வளர்ந்தவர்கள். இந்த இரண்டும் சேருகிற இடம் தென் ஸ்பெயின். முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினான அந்தலூசில் அரபிகள் எழுப்பிய கட்டடங்கள் எவ்வளவு பேர்பெற்றவையோ, அவர்கள் கொண்டுவந்த நீர்ப்பாசன முறையும் அவ்வளவு ஆழமாக அந்த மண்ணில் இறங்கியிருக்கிறது. ஆகவே நீரையே எங்கள் நூலாக எடுத்துக்கொண்டோம். வலென்சியா, கொர்டோபா, கிரானடா ஆகிய மூன்று ஊர்கள் அதில் கோக்கப்பட்டன. ரோமும் பார்சலோனாவும் தாமாகக் கழன்றுவிட்டன. பார்க்காமல் வந்த கவலையும் இல்லை.

உங்கள் நூல் வேறாக இருக்கலாம். உதைபந்தாட்டப் பிரியர் மைதானங்களை வைத்துத் திட்டம் போடலாம். கட்டடக் கலை படிக்கும் பிள்ளை சிசிலித் தீவின் பலர்மோவுக்குப் போகலாம். அரபு, நோர்மன் கலைகள் கலந்த அதன் கட்டடங்கள் 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் நகரமும் அதுவே.

மாற்ற முடியாததை முதலில் குறியுங்கள்

எந்தப் பயணத்திலும் நாளும் நேரமும் நம் கையில் இல்லாத காரியங்கள் ஒன்றிரண்டு இருக்கும். நாட்காட்டியில் அவற்றை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றைச் சுற்றிலும் அடுக்குங்கள். எங்களுக்கு அப்படி இரண்டு இருந்தன.

முதலாவது வலென்சியாவின் நீர் நீதிமன்றம். வியாழக்கிழமை தோறும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தெரிவு செய்த பிரதிநிதிகள் கறுப்பு அங்கி அணிந்து வட்டமாக உட்காருகிறார்கள். ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, முறைப்பாடு உண்டா என்று கூப்பிட்டுக் கேட்கிறார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு, சட்டத்தரணி இல்லை. சொன்ன தீர்ப்பே முடிவு. முறைப்பாடு இல்லாத கிழமையில் சில நிமிடங்களில் கலைந்துவிடும். 2009 இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. கூட்டத்துக்குள் நின்று பார்த்த உம்மா, "இது நம்மட வட்டவிதானைட வழக்குத்தானே மகன், கறுப்பு உடுப்பு மட்டுந்தான் கூட" என்றார். வட்டவிதானை என்பவர் எங்கள் பக்கத்தில் வாய்க்கால் நீர்ப் பங்கீட்டைப் பார்க்கிறவர். வெள்ளிக்கிழமை வலென்சியாவில் இறங்குகிறவருக்கு இது கிடைக்காது. அதனால்தான் விமானச் சீட்டு எடுக்கும் முன்பே கிழமையைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கிரானடாவின் அல்ஹம்ரா. தாரோ ஆற்றிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி மலைமேல் நீர் கொண்டுவந்த அரண்மனைக் கோட்டை அது. நஸ்ரி அரண்மனைகளுக்குள் நுழையச் சீட்டிலேயே நேரம் குறித்திருக்கும். அந்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டு ஆளின் பெயரில் வருவதால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். முன்பதிவில் பெயரும் இலக்கமும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் பெயர்கள் நீளமானவை, கவனம். கூட்டமான மாதங்களில் சீட்டு வெகு சீக்கிரம் முடிந்துவிடுவதால், திகதி உறுதியானவுடன் அதிகாரபூர்வத் தளத்திலேயே எடுத்துவிடுங்கள். பிரதான வாசலிலிருந்து அரண்மனைக்கு நடக்கவே கால் மணி நேரமாகும். வயதானவர்களோடு போனால் அதை இரட்டிப்பாக்குங்கள்.

பருவம்

ஜூலை, ஆகஸ்டில் தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் வெயில் 40 பாகையைத் தாண்டும். நம் வெயிலுக்குப் பழகியவர்கள்தானே என்று நினைக்க வேண்டாம். அங்கே கடற்காற்று எட்டாத உள்நாட்டு வெக்கை. பார்க்க வேண்டியதெல்லாம் நடந்தே பார்க்க வேண்டியவை. ஏப்ரல், மே அல்லது செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் நல்லது. வயல்காரருக்குச் செப்டெம்பர் கடைசி இன்னும் பொருந்தும். சிறுபோகம் வெட்டி முடிந்திருக்கும், பெரும்போக விதைப்பு தொடங்கியிராது. வலென்சியாவுக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றியுள்ள நெல்வயல்களில் அறுவடையும் செப்டெம்பரில்தான். நகரிலிருந்து பஸ்ஸில் போய் வெட்டு மெசின் ஓடுவதைப் பார்த்து நின்றது எங்களுக்குப் பெரிய சந்தோசம்.

அங்குள்ள திருவிழாக்களையும் பாருங்கள். மார்ச் நடுவில் வலென்சியாவின் ஃபயாஸ், ஈஸ்டருக்கு முந்திய வாரம் முழு அந்தலூசியாவிலும் ஊர்வலங்கள், அதன் பின் செவில்லாவின் வசந்த விழா, மே தொடக்கத்தில் கொர்டோபாவின் முற்றத் திருவிழா. அதற்காகவே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் விலகியிருப்பது நல்லது. அறை வாடகை பல மடங்காகும்.

விசாவும் வெள்ளாமைக் காசும்

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஆகக் கடைசி 15 நாட்களுக்கு முன். இரண்டு, மூன்று நாடு போகிறவர்கள் அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். 2024 ஜூனிலிருந்து பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, அதற்குக் கீழே கட்டணமில்லை. பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்களும் தேவை. முதல் தடவை விண்ணப்பிக்கும், 12 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் விரல் அடையாளம் கொடுக்க நேரில் போக வேண்டும். விசா கைக்கு வரும்வரை இரத்துச் செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள்.

விவசாயிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. மாதச் சம்பளக்காரரின் வங்கிக் கூற்றில் காசு மாதாமாதம் சீராக வரும். நம் கூற்றிலோ போகத்துக்கு ஒரு தடவை ஒரே அடியாக வந்து, பிறகு மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். பார்க்கிற அதிகாரிக்கு அது யாரோ கடனாகப் போட்ட காசு மாதிரித் தெரியலாம். எனவே நெல் விற்ற பற்றுச்சீட்டுகள், வயல் உறுதி, இரண்டு போகத்தின் கணக்கு ஆகியவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வருமானம் எந்த மாதங்களில் வருகிறது என்று ஒரு பக்கக் கடிதமும் சேர்த்து வையுங்கள். வயலும் வீடும் இங்கே இருப்பது, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கும் சான்று.

இரவுகளை எண்ணுங்கள்

திட்டத்தைப் பகலை வைத்துப் போடாதீர்கள், இரவை வைத்துப் போடுங்கள். ஓர் ஊரில் மூன்று இரவு என்றால் முழுதாகக் கிடைப்பது இரண்டு பகல்தான். ஊர் மாறும் நாளில் அறையைக் காலி செய்வது, நிலையம் போவது, புது அறையைத் தேடுவது என்று அரை நாளுக்கு மேல் போய்விடும். ஒரு கிழமைக்கு இரண்டு ஊர் என்பது பெரியவர்களோடு போகிறவர்களுக்குச் சரியான அளவு.

பக்கத்து ஊரைப் பார்க்க அங்கே போய்ப் படுக்க வேண்டியதில்லை. கொர்டோபாவிலிருந்து செவில்லாவுக்கு அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரந்தான். பெட்டிகளைக் கொர்டோபா அறையிலேயே வைத்துவிட்டுக் காலையில் போய் இரவில் திரும்பினோம். விமானச் சீட்டை ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரில் ஏறும்படி எடுங்கள். கொழும்பிலிருந்து இஸ்தான்புல் வழியாக வலென்சியாவில் இறங்கவும் மலாகாவில் ஏறவும் முடியும். கிரானடாவிலிருந்து மலாகாவுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள். வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சம். அதிவேக ரயிலில் ஏறும் முன் பெட்டிகளைச் சோதிப்பார்கள். புறப்படச் சற்று முன்பே கதவும் அடைபடும். அரை மணி நேரம் முன்பே நில்லுங்கள்.

தொழுகை

செப்டெம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிக்கவே காலை எட்டு மணியாகிறது. ஜூனில் மஃரிப் இரவு ஒன்பதரைக்கு மேல். பயணி தொழுகைகளைச் சேர்த்தும் சுருக்கியும் தொழும் ஜம்உ, கஸ்ர் சலுகையைத் திட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்தால் மனம் நிம்மதியாக இருக்கும். ளுஹரையும் அஸரையும் சேர்த்துப் பிற்பகல் ஓய்வின்போது அறையில் தொழுவோம். கடைகளும் அந்நேரம் அடைத்திருக்கும் என்பதால் இழப்பொன்றுமில்லை. நம் ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகியவர்களுக்கு அங்கே கிப்லா கிழக்குப் பக்கம். புது அறைக்குள் நுழைந்ததும் திசையைப் பார்த்துவிடுங்கள்.

கொர்டோபாவின் பெரிய பள்ளியை முதலாம் அப்துர் ரஹ்மான் 780களில் கட்டத் தொடங்கினார். 1236 இல் அது தேவாலயமாக்கப்பட்டது, இன்றும் அப்படித்தான். உள்ளே முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை, காவலர்கள் கவனிக்கிறார்கள். இதை வீட்டிலேயே பெரியவர்களிடம் சொல்லி அழைத்துப் போங்கள்; வாசலில் போய்ச் சொன்னால் மனம் உடைந்துவிடும். ஞாயிறு தவிர்ந்த நாட்களில் காலை எட்டரை முதல் ஒரு மணி நேரம் நுழைவு இலவசம். கூட்டமும் குறைவு. 850க்கு மேற்பட்ட தூண்களுக்கு நடுவே நிற்க அதுதான் நேரம். தொழுவதற்குக் கொலோன் பூங்காவில் சிறிய மொராபிதோ பள்ளி இருக்கிறது. கிரானடாவில் அல்பைசீன் மேட்டில் 2003 இல் திறந்த பள்ளிவாசலின் தோட்டத்திலிருந்து எதிரே அல்ஹம்ரா முழுதாகத் தெரியும். ஜும்ஆ நாளைக் கிரானடாவில் வைத்தது அதற்காகத்தான்.

சாப்பாடு

கொர்டோபாவிலும் கிரானடாவிலும் ஹலால் கடைகளுக்குக் குறைவில்லை. மற்ற இடங்களில் மீன், முட்டை, மரக்கறி. ஆனால் மரக்கறி என்று எழுதியிருந்தாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கூனைப்பூவின் மேலும், குளிர்ந்த தக்காளிச் சூப்பின் மேலும் பன்றித் தொடைத் துண்டுகளைத் தூவுவது அங்கே வழக்கம். மந்தெகாதோ, போல்வொரோன் போன்ற மாவு இனிப்புகளில் பன்றிக் கொழுப்பு சேரும். இரவுச் சாப்பாட்டுக் கடைகள் எட்டரைக்கு மேல்தான் திறக்கும் என்பதால் சமையலறை உள்ள வாடகை வீடு எடுப்பது பெரியவர்களுக்கு உதவி. உம்மா கொண்டுவந்த கொச்சிக்காய்த் தூளும் அங்கே வாங்கிய மீனும் சேர்ந்து பல இரவுகள் சோறும் ஆணமுமாகவே போயின.

முழங்கால் வலிக்காரருக்கு

கிரானடாவின் அல்பைசீன் முழுக்க ஏற்றமும் கல் பாவிய ஒழுங்கைகளும். சின்ன பஸ்கள் ஓடுகின்றன, அவற்றைப் பிடியுங்கள். செவில்லாவின் ஹிரால்டா கோபுரம் முன்பு பள்ளிவாசல் மினாரா. உள்ளே படிகளுக்குப் பதிலாகச் சாய்வுப் பாதையே மேலே போகிறது. கடைசியில் மட்டும் சில படிகள். மெதுவாக நின்று நின்று ஏறினால் வயதானவர்களாலும் முடியும். உம்மா ஏறினார். அல்ஹம்ராவில் உட்கார வாங்குகள் நிறைய உண்டு. ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம் போதும்.

திரும்பி வந்த பின்

பழைய கடவுச்சீட்டையும் விசாப் பக்கப் பிரதிகளையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு தடவை கொடுத்த விரல் அடையாளம் 59 மாதங்களுக்குப் பதிவில் இருக்கும். அதற்குள் மறுபடி விண்ணப்பித்தால் பெரும்பாலும் திரும்பக் கொடுக்க வேண்டியிராது. விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தித் திரும்பியவருக்கு அடுத்த விண்ணப்பம் இலேசாகிறது. இந்தத் தடவை விட்ட ஊர்களை அப்போது பார்த்துக்கொள்ளலாம். எங்கள் அடுத்த பட்டியலில் இப்போதைக்குப் பலர்மோ ஒன்றுதான்.