ஈகையும் வருமான வரியும்: ஒரு பாடம்



மருத்துவமனைக்குக் காணிக்கை அனுப்புகிறவர்கள் "80ஜி ரசீது உண்டா?" என்று கேட்பதுண்டு. அந்தச் சலுகை எப்படிப்பட்டது, அரசியல் கட்சிகள் அதைக் குறித்து என்ன செய்தன என்பதை இந்தப் பாடத்தில் கற்போம்.

1. சலுகை என்ன?

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, அங்கீகாரம் பெற்ற தரும ஸ்தாபனத்துக்குக் கொடுத்த பணத்தில் பாதியை வருமானத்திலிருந்து கழிக்க இடம் தந்தது. மொத்த வருமானத்தில் 10 சதவீதம் வரையிலான கொடைக்கே இக்கணக்கு. அச்சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது; சலுகை அதிலும் இடம்பெற்றுள்ளது.

உதாரணமாக, பழைய முறையில் 20 சதவீத வரி செலுத்தும் பாளையங்கோட்டை ஆசிரியர் ஒருவர் 10,000 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாய் கழியும்; 4 சதவீத செஸ் சேர்த்து 1,040 ரூபாய் வரி குறையும். மீதி 8,960 ரூபாய் அவர் கைப்பணமே.

2. யாருக்கு இல்லை?

அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணித் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளைவிப்போரின் விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆகவே அவர்களுக்குக் கழிக்க ஒன்றுமில்லை. அறுப்பின் பண்டிகைக்கு வரும் நெல் மூட்டைக்கும், சகோதரிகள் சேர்க்கும் கைப்பிடி அரிசிக்கும் 80ஜி கிடையாது. அது பணத்துக்கு மட்டுமே. 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப்பின், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கக் கொடைக்கும் கிடையாது.

3. கட்சிகள் செய்தது என்ன?

2003-இல் வாஜ்பாய் அரசு காலத்துச் சட்டத் திருத்தம், கட்சிகளுக்குத் தரும் நன்கொடையை முழுவதுமாகக் கழிக்க வழி செய்தது. மருத்துவமனைக்குப் பாதி, கட்சிக்கு முழுமை! 2004 முதல் 2014 வரை ஆண்ட காங்கிரஸ் கூட்டணியும் இதை நீக்கவில்லை. அந்த அரசு 2010-இல் கொண்டுவந்த நேரடி வரி மசோதா, தரும ஸ்தாபனங்களின் உபரி வருமானத்துக்கு வரம்புக்கு மேல் 15 சதவீத வரி விதிக்க முன்வந்தது. 2014-இல் அது காலாவதியானது.

பாரதிய ஜனதா அரசு 2020-இல் புதிய வரி முறையைக் கொண்டுவந்தது. விகிதம் குறைவு, ஆனால் தனிநபருக்கு 80ஜி கழிவு இல்லை, கட்சி நன்கொடைக் கழிவும் இல்லை. 2023-24 முதல், பழைய முறையைத் தெரிந்துகொள்ளாத அனைவருக்கும் இம்முறையே பொருந்தும். நம் ஆசிரியர் புதிய முறைக்கு மாறினால் அந்த 1,040 ரூபாய் குறையாது. ஆகவே இரு முறைகளிலும் கணக்குப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

4. நம் கடமை

காசோலை அல்லது வங்கி வழியாகவே அனுப்புங்கள்; பான் எண்ணைத் தெரிவியுங்கள். 2021-22 முதல், ஸ்தாபனம் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித்துறைக்கு அளித்துச் சான்றிதழ் தரவேண்டும்; கேட்டு வாங்குங்கள்.

1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது 80ஜி இல்லை, காணிக்கை இருந்தது. சலுகை குறைந்தாலும் ஏழை நோயாளியின் கட்டில் காலியாகாது.

சிந்திக்க:

அ. சலுகை இல்லாவிட்டாலும் இதே தொகையைக் கொடுப்பேனா?

ஆ. வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், எந்தக் கட்சியாயினும், தரும மருத்துவமனைக்கான சலுகையைப்பற்றிக் கேட்டேனா?