நாயோடு கவர்மென்ட் ஆபீஸுக்குப் போறியா, தங்கச்சி?

ரேஷன் கார்டுக்குப் போனாக்கூட ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போய்ப் பழகினவங்க நாம. அமெரிக்காவுக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடல. அதுலதான் நீ ஏமாறுற.

என் பொண்ணுக்கு டைப் 1 சர்க்கரை. சர்க்கரை இறங்கினா எங்க நாய் முத்து மோப்பம் பிடிச்சு, மூக்கால அவ முழங்கையை இடிப்பான். அவனோட ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கிக் கத்துக்கிட்டதைச் சொல்றேன், கேட்டுக்கோ.

1. சர்வீஸ் நாய்னு சர்டிஃபிகேட் வாங்காதே. ஆன்லைன்ல காசு கட்டினா போட்டோ, சீல், ஐடி கார்டு எல்லாம் அனுப்புவாங்க. நானும் வாங்கி வெச்சிருந்தேன். சட்டத்துல அதுக்கு ஒரு மதிப்பும் இல்லை. சர்வீஸ் நாயைப் பதிவு பண்ணணும்னோ, கோட்டு மாட்டணும்னோ ஏடிஏ (அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம்) கேட்கல. நாய்க்கு நீயே பயிற்சி கொடுத்திருந்தாலும் செல்லும். ஊர்ல எல்லா நாய்க்கும் கேட்கிற தடுப்பூசி, லைசென்ஸ் மட்டும் சரியா வெச்சுக்கோ.

2. ஒரே ஒரு வரியை மனப்பாடம் பண்ணு. சர்வீஸ் நாய்னு பார்த்தாலே தெரியலைன்னா, வாசல்ல ரெண்டு கேள்வி கேட்கலாம். "உடல்நலக் குறைபாட்டுக்குத் தேவைப்படுற சர்வீஸ் நாயா?", "என்ன வேலைக்குப் பழக்கியிருக்கு?" அவ்வளவுதான். என்ன நோய், டாக்டர் லெட்டர் எங்கே, இப்ப செஞ்சு காட்டுன்னு கேட்க அவங்களுக்கு உரிமை இல்லை. நீயும் உன் மருத்துவக் கதையை முழுசா ஒப்பிக்காதே! "ஆமாம், சர்க்கரை இறங்கினா எச்சரிக்கப் பழக்கினது" – இதோட நிறுத்து. "என்கூட இருந்தா தைரியமா இருக்கு"ன்னு சொல்லிடாதே. கூட இருக்கிறது வேலைக் கணக்குல வராது. பதற்றம் வர்றதை முன்கூட்டியே உணர்ந்து, இன்னது செய்யணும்னு பழக்கியிருந்தா, அதைச் சொல்லு.

3. எந்த ஆபீஸ்னு பார்த்துப் பேசு. டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ், கவுன்ட்டி ஆபீஸ், ஊர் லைப்ரரி இதெல்லாம் மாநில, உள்ளாட்சி ஆபீஸ். இங்கே 1990-ல வந்த ஏடிஏ, இரண்டாம் பிரிவு. சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ் மத்திய அரசோடது. அங்கே ஏடிஏ-ன்னு சொல்லி வாதாடாதே, அந்தச் சட்டம் அவங்களைக் கட்டாது. 1973 மறுவாழ்வுச் சட்டம், 504-ஆவது பிரிவுன்னு சொல்லு. மத்திய அரசுக் கட்டடங்கள்ல சர்வீஸ் நாயை விடணும்னு தனிச் சட்டமே இருக்கு. ஆனா அந்தச் சட்டப்படி கயிறோ, வழிகாட்டி நாய் போடுற பிடிவாரோ எப்பவும் இருக்கணும். ஏடிஏ-வுல, கயிறு வேலைக்கு இடைஞ்சல்னா குரலாலேயே கட்டுப்படுத்தலாம். யோசிக்க நேரமில்லைன்னா எல்லா இடத்துலயும் கயிறு போட்டே கூட்டிட்டுப் போ.

4. உள்ளே போறதுக்கு முன்னாடி நாயை வெளியே கொண்டுபோய் 'போக' வை. சோம்பல்பட்டு இதை விட்டுடாதே. உன் நாய் அடங்காம இருந்து நீயும் அடக்காம நின்னாலோ, உள்ளே அசிங்கம் பண்ணினாலோ வெளியே அனுப்ப அவங்களுக்கு உரிமை உண்டு. அப்பவும் நாய் இல்லாம நீ உள்ளே வந்து வேலையை முடிச்சுக்க விடணும்.

5. "எனக்கு நாய்னா பயம்", "அவருக்கு அலர்ஜி" – இது செல்லுபடியாகுற காரணமே இல்லை. ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளி உட்கார வைக்கணும், அது அவங்க பொறுப்பு. ஒரு தடவை ஒரு ஆபீஸ்ல எங்களை மழையில வெளியே நிக்க வெச்சாங்க. நான் கத்தினேன், காரியம் நடக்கல. அடுத்த தடவை அமைதியா, "உங்க சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க"ன்னேன். கால் மணியில உள்ளே போயிட்டோம்.

6. மன ஆறுதலுக்கு வளர்க்கிற நாயை சர்வீஸ் நாய்னு சொல்லிக் கூட்டிட்டுப் போகாதே. அந்த மாதிரி நாய்க்கு டாக்டர் கொடுக்கிற லெட்டர் வாடகை வீட்டுக்கு உதவலாம், ஆபீஸ் வாசலுக்கு உதவாது. கலிஃபோர்னியாவுல பொய்யா சொன்னா 1000 டாலர் வரை அபராதம், 6 மாசம் வரை சிறைகூட உண்டு. அதைவிட, நீ சொல்ற ஒரு பொய்யால நாளைக்கு என் பொண்ணு வாசல்ல நிக்கணும். பண்ணாதே, கண்ணு.

7. இன்னும் பயிற்சியில இருக்கிற குட்டியா? ஏடிஏ அதுக்கு இடம் கொடுக்கல. பல மாநிலங்கள் கொடுக்குது. கிளம்புறதுக்கு முன்னாடி உன் மாநிலச் சட்டத்தைப் பாரு.

8. விடமாட்டேன்னுட்டா அங்கேயே தேதி, நேரம், யார் என்ன சொன்னாங்கன்னு போன்ல எழுதிக்கோ. வீட்டுக்கு வந்து எழுதிக்கலாம்னா பாதி மறந்துடும். மாநில, உள்ளாட்சி ஆபீஸ்னா 180 நாளுக்குள்ள மத்திய அரசோட நீதித்துறைக்குப் புகார் அனுப்பணும். மத்திய ஆபீஸ்னா அந்தத் துறைக்கே எழுது. பண்டிகை, லீவு முடியட்டும்னு தள்ளிப் போடாதே, அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து அனுப்பிடு.