செஞ்சியிலிருந்து மழலைக் கல்வி: ஆப்பா, நேரலை வகுப்பா, ஆடியோவா?

வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, அதிலும் மூன்று முதல் ஆறு வயதுக்காரர்களுக்கு, செஞ்சியில் இருந்தபடியே பாடம் தயாரித்து விற்கலாம். பால்வாடி அனுபவமுள்ள ஒருவரும் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் போதும். எந்த வடிவத்தில் விற்பது என்பதில்தான் சிக்கல்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஆப். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பேன். செய்து முடித்த பிறகும் செலவு நிற்காது. ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் மாறும்போதெல்லாம் திருத்த வேண்டும். குழந்தையின் தகவலைத் திரட்டினால் சட்டமும் குறுக்கே வரும். பெற்றோர் ஒப்புதலை அமெரிக்காவின் காப்பா சட்டம் 13 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கேட்கிறது. நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் கேட்கிறது. போதாக்குறைக்கு, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் 2015 முதல் படக்கதைகளை இலவசமாகத் தருகிறது, தமிழிலும். அதோடு மல்லுக்கட்டுவதைவிட அதையே பாடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள பெரும்பாலான கதைகளை, உரியவர் பெயரைக் குறிப்பிட்டால், வணிகத்துக்கும் பயன்படுத்த உரிமம் இடம் கொடுக்கிறது.

வீடியோ எடுக்க நினைப்பவர்களுக்குச் செஞ்சிக் கோட்டை கண்ணை இழுக்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் உள்ளே வணிகப் படப்பிடிப்புக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். தவிர, இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

நேரலை வகுப்பில் முதலீடு குறைவு. காசு கொடுப்பவருக்கும் என்ன வாங்குகிறோம் என்பது கண்ணெதிரே தெரியும். ஐந்தாறு பிள்ளைகள், இருபது நிமிடம், பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ. அதற்கு மேல் இழுத்தால் பிள்ளை மேசைக்கு அடியில் போய்விடும். புளியங்கொட்டையை எண்ணச் சொன்னால் டொராண்டோ வீட்டில் எங்கே போவார்கள்? பட்டனோ வேகவைக்காத பாஸ்தாவோ எடுத்துவரச் சொல்லுங்கள். ஈழத் தமிழ் வீடுகளுக்கு நம் விழுப்புரத்துப் பேச்சு புதிது. முதல் சில வகுப்புகளில் நிதானமாகப் பேச வேண்டும். நேரம்தான் பெரிய தொல்லை. சிங்கப்பூரில் மாலை 5 மணி நமக்குப் பிற்பகல் 2.30, டொராண்டோவில் சனிக்கிழமை காலை 10 மணி நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. இரவில் உட்கார முடியாதவர் சிங்கப்பூரோடு நின்றுகொள்ளலாம்.

ஆடியோவுக்கு இந்த நேரத் தொல்லையும் இல்லை, திரையும் இல்லை. தேசிங்கு ராஜன் குதிரையை அடக்கிய கதையை ஐந்து நிமிடத்தில் பதிவு செய்து, கேட்டபின் பெற்றோர் பிள்ளையோடு செய்ய வேண்டிய ஒரு வேலையையும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் கேட்டவர்கள் அடுத்தவருக்குத் தட்டிவிடுவார்கள். தனியாக விற்றால் காசு தேறாது.

அதனால் என் கணக்கு இதுதான்: வாரம் ஒரு நேரலை வகுப்பு, இடையில் இரண்டு ஆடியோ, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். குரல் நன்றாக இருந்தும் கேமரா முன் கூச்சப்படுபவர், வகுப்பெடுக்க வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளட்டும். கட்டணத்தை மாதாமாதம் வாங்குங்கள். இந்த வயதில் பிள்ளையின் மனசு மாறினால் வருடப் பணத்தைத் திருப்பித் தருவது பெரிய பாடு. பணம் அந்நியச் செலாவணியாக வந்ததற்கு வங்கியிடம் சான்று வாங்கி வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால், ஆண்டுதோறும் எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டு வரி கட்டாமலே சேவையை ஏற்றுமதி செய்யலாம்.