பாதி ஓடும் எஞ்சினை நம்பாதீர்கள்

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு, ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே 3,000 அடி உயரம். வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 திடீரென்று குலுங்க ஆரம்பித்தது. நிமிடத்துக்கு 2,400-இல் இருந்த எஞ்சின் சுழற்சி 1,700-க்கு இறங்கி அங்கேயே நின்றது.

எஞ்சின் அடியோடு நின்றுவிட்டால் குழப்பமில்லை, இறங்கித்தான் ஆகவேண்டும். பாதி ஓடினால்தான் ஆபத்து. இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும் என்று ஆசை காட்டும். சிறு விமானங்கள் மேலெழும்பும்போது எஞ்சின் முற்றாக நிற்பதைவிட, பாதி சக்தி இழப்பது மூன்று மடங்கு அதிகம் என்கிறது ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு.

முதலில் வேகத்தை 65 நாட்ஸில் வைத்தேன். உயரம் போகிறதே என்று கை தானாக விமானத்தின் மூக்கைத் தூக்கப் பார்க்கும். விடாதீர்கள். வேகம் செத்தால் இறக்கை தாங்காது. அடுத்து, கார்புரேட்டரில் பனி உறைந்திருந்தால் உருக்கும் கார்புரேட்டர் ஹீட். அந்தச் சூடு எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து வருவது. எஞ்சின் நின்று ஆறிவிட்டால் கிடைக்காது, அதனால் உடனே இழுக்க வேண்டும். பெட்ரோல் டேங்க், மிக்ஸ்சர், மேக்னெட்டோ எல்லாம் பார்த்தேன். பலனில்லை.

விமான நிலையம் எட்டு நாட்டிகல் மைல் தள்ளி இருந்தது. எஞ்சின் இல்லாமல் 1,000 அடிக்கு ஒன்றரை மைல்தான் மிதக்க முடியும். நடுவே முழுக்க பாதாம் தோப்பு. நேர் கீழே குதிரைமசால் வயல் ஒன்று பச்சையாக, சமமாகக் கிடந்தது. ‘மேடே’ சொல்லிவிட்டு அதன் மேலேயே வட்டமடித்தேன். 1,200 அடியில் எஞ்சின் நின்றேவிட்டது. தோப்பின் மேல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

வயலைத் தேர்ந்தெடுக்கும்போது மின்கம்பியைத் தேடாதீர்கள், மேலிருந்து அது தெரியாது. கம்பங்களைத் தேடுங்கள். தரைக்கு அருகில் எரிபொருளையும் மேக்னெட்டோவையும் அணைத்தேன். ஃபிளாப் மின்சாரத்தில் இயங்குவது என்பதால், அதை முழுக்க இறக்கிய பிறகுதான் மாஸ்டர் ஸ்விட்ச். “பெல்ட்டை இறுக்கிக்கோ, கதவுத் தாழை எடுத்துடு” என்றேன் பக்கத்தில் இருந்த நண்பனிடம். மோதலில் சட்டம் கோணினால் கதவு திறக்காது. சால் ஓடிய திசையிலேயே இறங்கினோம். முன்சக்கரம் ஈரமண்ணில் புதையாதபடி மூக்கைக் கடைசிவரை தூக்கிப் பிடித்தேன். இருவருக்கும் காயமில்லை.

பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று உடைந்திருந்தது.

பயிற்சியில் ஆசிரியர்கள் பெரும்பாலும் திராட்டிலை முழுதாக இழுத்துவிட்டு “எஞ்சின் போச்சு” என்பார்கள். ஒருமுறையாவது 1,700-இல் விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். போகலாமா, இறங்கலாமா என்ற தடுமாற்றத்தைத் தெரிந்த வயல்களின் மேல், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே சந்தித்துவிடலாம்.