தாபாவிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ முடித்த கையோடு பன்னாட்டு நீதியும் சட்டமும் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதையும், அப்பா திருப்பிக் கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். "வல்லரசு தப்பு பண்ணினா உன் சட்டம் என்னம்மா செய்யும்?" அவர் கேட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குற்ற வழக்கு நடத்துகிற எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.

படியுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஹேக் நகரத்திலிருந்து தொடங்காதீர்கள். அங்கே பன்னாட்டு நீதிமன்றம் இயங்கும் அமைதி மாளிகையின் கோபுரமும், வரிசையாக உட்கார்ந்திருக்கும் பதினைந்து நீதிபதிகளும், நாடுகளின் கொடிகளும் உள்ள படங்களைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் பலருக்கு இந்தப் படிப்பில் ஆசை வருகிறது. அந்த ஆசை முதல் வருஷத்து உடன்படிக்கைப் பாடங்களிலேயே காய்ந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் தாபாவிலிருந்து தொடங்குங்கள்.

தாபா ருவாண்டா நாட்டில் ஒரு கம்யூன். நம் ஊர்க் கணக்கில் ஒன்றியம் மாதிரி. 1993 ஏப்ரலில் அதன் மேயராக வந்தவர் ழான்-பால் அக்கயேசு. அதற்கு முன் பள்ளி ஆசிரியர். அடுத்த ஏப்ரலில் அந்நாட்டின் டுட்சி இன மக்களைக் கொன்று குவிப்பது தொடங்கியது. ஏறக்குறைய நூறு நாட்களில் 8 லட்சம் பேர் வரை செத்தார்கள். அக்கயேசு முதலில் தன் கம்யூனில் கொலைகளைத் தடுக்கப் பார்த்தவர். ஏப்ரல் 18 அன்று இடைக்கால அரசின் தலைவர்கள் மேயர்களைக் கூட்டிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் மறுபக்கம் போய்விட்டார். தாபாவில் குறைந்தது இரண்டாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள்.

ஐ.நா. பாதுகாப்பு அவை ருவாண்டாவுக்கென்று ஒரு தீர்ப்பாயத்தைத் தான்சானியாவின் அருஷா நகரில் அமைத்தது. 1997 ஜனவரியில் அக்கயேசு மீதான விசாரணை அங்கே தொடங்கியது. குற்றப்பத்திரிகையில் பன்னிரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. இனப்படுகொலை இருந்தது, கொலை இருந்தது, சித்திரவதை இருந்தது. வல்லுறவு இல்லை. எங்கேயோ அந்தக் கேள்வி விடுபட்டுப் போயிருந்தது.

அந்த மாதமே ஒரு தாய் சாட்சி சொல்ல வந்தார். பாதுகாப்புக்காகப் பெயரை மறைத்திருக்கிறார்கள். தீர்ப்பில் அவர் வெறும் 'சாட்சி ஜே'. வேறு சம்பவங்களைச் சொல்லிக்கொண்டு வந்தவர், தன் ஆறு வயது மகளை மூன்று பேர் சீரழித்ததையும் சொன்னார். குற்றப்பத்திரிகையில் இல்லாத விஷயம். வழக்கோடு சம்பந்தமில்லை என்று ஒரு நொடியில் தாண்டிப் போயிருக்கலாம். நம் நீதிமன்றங்களில் அப்படித் தாண்டிப் போனதை என் கண்ணால் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கே தாண்டவில்லை, மேலே கேட்டார்கள். கம்யூன் அலுவலக வளாகத்திலும் பெண்களுக்கு இது நடந்ததாகக் கேள்விப்பட்டேன் என்றார் அந்தத் தாய். சில வாரம் கழித்துக் கூண்டேறிய சாட்சி ஹெச், தனக்கே நேர்ந்ததைச் சொன்னார். வெளியே பெண்கள் அமைப்புகள் தீர்ப்பாயத்துக்கு எழுதின. ஜூன் 17 அன்று குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. மூன்று குற்றச்சாட்டுகள் புதிதாக ஏறின.

1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு வந்தது. இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒருவரை விசாரித்து, பன்னாட்டுத் தீர்ப்பாயம் ஒன்று குற்றவாளி என்று அறிவித்தது அதுதான் முதல் முறை. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்கிற வல்லுறவும் இனப்படுகொலைதான் என்று அப்படி ஒரு தீர்ப்பாயம் சொன்னதும் அதுதான் முதல் முறை. பதினைந்து குற்றச்சாட்டுகளில் ஒன்பது நிரூபணமாயின, ஆறில் விடுதலை. அந்த ஆறையும் ஏன் என்று படியுங்கள். எவ்வளவு கொடூரமான வழக்கானாலும் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். அதைச் செய்யத் தெரியாதவர் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் துறையில் நிற்க முடியாது.

அந்த அமர்வில் மூன்று நீதிபதிகள். ஒரே பெண், நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ஏழைக் குடியிருப்பில் 1941இல் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண், பேருந்து ஓட்டுநரின் மகள். சமூகத்தார் நன்கொடை திரட்டிப் படிக்கவைத்தார்கள். 1967இல் நாட்டால் மாகாணத்தில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்தார். வெள்ளையரல்லாத பெண்களில் அவர்தான் முதல். நிறவெறி ஆட்சியில் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ள ஒரு நிறுவனமும் தயாராக இல்லை என்பதுதான் அதற்குக் காரணம். ராபன் தீவில் இருந்த அரசியல் கைதிகள் வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையை 1973இல் வழக்காடிப் பெற்றுக்கொடுத்தவர். பிற்பாடு ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையராகவும் இருந்தார். நம்மவர் என்று பெருமை பேச இதை எழுதவில்லை. அருஷாவுக்குப் போகும் முன் அவர் கையில் இருந்தது இருபத்தெட்டு வருஷத்து உள்ளூர் நீதிமன்றப் பழக்கம். கைதிகளோடும் சாட்சிகளோடும் பேசிப் பேசி வந்த பழக்கம்.

இனி, எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தீர்ப்பின் நடுவே நீதிபதிகள் மொழியைப் பற்றி எழுதிய பத்திகள் இருக்கின்றன. பலர் புரட்டிவிட்டுப் போகிற பக்கங்கள். சாட்சிகள் பேசியது கின்யருவாண்டா மொழியில். பதிவானது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். வல்லுறவைக் குறிக்க அந்தப் பெண்கள் நான்கு சொற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். ஒன்றின் நேர்ப்பொருள் 'பலவந்தமாகப் பிடிப்பது'. இன்னொன்று வெறுமனே 'கூடப் படுப்பது'. இரண்டாவதை மட்டும் அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் குற்றமே காணாமல் போய்விடும். அதனால் மொழியியல் பேராசிரியர் ஒருவரை நிபுணர் சாட்சியாக அழைத்து, எந்தச் சொல் எந்தச் சூழலில் என்ன பொருள் தரும் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். 'கரப்பான்பூச்சி' என்று பொருள்படும் 'இன்யென்சி' என்ற சொல் எப்படி ஒரு மக்கள் கூட்டத்தின் மீதான வெறுப்பைச் சுமக்கும் சொல்லாக மாறியது என்பதையும் இதே பகுதியில்தான் அலசியிருக்கிறார்கள்.

நம் ஊர் சாட்சிக் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். "என்னைக் கெடுத்துட்டான்யா" என்கிறார் ஒரு பெண். "தப்பா நடந்துக்கிட்டான்" என்கிறார் இன்னொருவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கேள்விகள் பாயும். மணி என்ன என்றால் "மாடு திரும்புற நேரம்" என்பார்கள்; தூரம் எவ்வளவு என்றால் "கூப்பிடு தூரம்". தாபாவின் சாட்சிகளும் தேதி, நேரம், தூரம் சொல்லத் திணறினார்கள், வரைபடம் பார்த்துப் பழகாதவர்கள். தான் பார்த்ததையும் அடுத்தவர் சொல்லக் கேட்டதையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அதற்காக அவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளாமலும், சொன்னதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாமலும், கண்டது எது, கேட்டது எது என்று நீதிபதிகள் பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். உடன்படிக்கைகளைப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிடலாம். இப்படிக் கேட்கத் தெரிவதற்கு ஆண்டுகள் ஆகும். பட்டப்படிப்பு வயதிலேயே தொடங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

எங்கே படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நம் நாட்டில் பன்னாட்டு நீதிக்கென்று தனியாகப் போவதைவிட ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி. நல்லது. அதில் பொதுப் பன்னாட்டுச் சட்டம் கட்டாயப் பாடம்தான், ஆனால் ஒரே ஒரு தாள். வருத்தப்படாதீர்கள். சாட்சியச் சட்டத்தையும் குற்றவியல் நடைமுறையையும் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாகப் படியுங்கள். அருஷாவில் நடந்தது முக்கால்வாசி அதுதான். நெதர்லாந்தில் லைடன், க்ரோனிங்கன் போன்ற பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையை ஆங்கிலத்தில் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். செலவைத் தாங்க முடிந்தால், அல்லது உதவித்தொகை கிடைத்தால், நல்ல படிப்பு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்: வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்பி வந்த மறுநாளே இங்கே கருப்பு அங்கி போட முடியாது. அந்தப் பல்கலைக்கழகத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்திருக்க வேண்டும், தகுதித் தேர்வும் எழுத வேண்டும். எங்கே படித்தாலும் பிரெஞ்சு கற்றுக்கொள்ளுங்கள். ஹேக்கில் இருக்கும் இரண்டு பெரிய நீதிமன்றங்களும் ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் இயங்குகின்றன.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் சாசனம் 1998 ஜூலையில் 120 நாடுகளின் வாக்கோடு நிறைவேறியது. ஏழு நாடுகள் எதிர்த்தன, அவற்றில் அமெரிக்காவும் சீனாவும் உண்டு. இந்தியா வாக்களிக்காமல் விலகிக்கொண்டது. இன்றுவரை உறுப்பினர் இல்லை. இனப்படுகொலையைக் குற்றமாக்கிய உடன்படிக்கை 1948 டிசம்பரில் நிறைவேறியது. அதற்கும் அக்கயேசு தீர்ப்புக்கும் நடுவே ஏறக்குறைய ஐம்பது வருஷம். அந்த ஐம்பது வருஷத்தில் உலகத்தில் என்னென்ன நடந்தன என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்கு ஆறாத விஷயம். வல்லுறவுக்கு ஆளாகி எச்.ஐ.வி. தொற்றோடு பிழைத்திருந்த ருவாண்டாப் பெண்கள் பலர் மருந்தில்லாமல் தவித்த காலத்தில், தீர்ப்பாயத்தின் காவலில் இருந்தவர்களுக்கு மருந்து கிடைத்தது. சாட்சியை வரவழைக்கத் தெரிந்த அமைப்புக்கு, அவர் ஊர் திரும்பிய பிறகு உயிரோடு வைத்திருக்க வழி தெரியவில்லை. இந்தப் படிப்பில் சேர்ந்தால் இதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கும், மாற்றியும் ஆக வேண்டியிருக்கும்.

அப்பாவுக்கு ஒரு மாணவனின் கதையையும் சொல்லுங்கள். 1921இல் பெர்லின் தெருவில் ஓர் ஆர்மீனிய இளைஞன், தன் இனத்தைக் கொன்றழித்த முன்னாள் துருக்கிய அமைச்சரைச் சுட்டுக் கொன்றான். இன்று உக்ரைனில் இருக்கும் லிவீவ் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த ரஃபேல் லெம்கின் என்ற மாணவர் அதைப் பற்றித் தன் பேராசிரியரிடம் போய்க் கேட்டார்: ஒருவரைக் கொன்றால் குற்றம், லட்சக்கணக்கானவர்களைக் கொன்றால் ஏன் குற்றமில்லை? கோழி வளர்க்கிறவன் தன் கோழிகளைக் கொல்கிறான், அதில் தலையிட நீ யார் என்பதுபோல் பேராசிரியர் பதில் சொன்னதாக லெம்கின் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அரசுக்குத் தன் குடிமக்கள் மீது எல்லா உரிமையும் உண்டு என்பதே அன்றைய பன்னாட்டுச் சட்டம். பேராசிரியர் பாடத்தைச் சரியாகத்தான் சொன்னார். மாணவர் ஏற்கவில்லை. மொழிகள் மீது பித்துக்கொண்டிருந்த அவர்தான் பின்னாளில், 1944இல், 'ஜெனோசைட்' என்ற சொல்லை உருவாக்கினார். நாம் இனப்படுகொலை என்கிறோமே, அது. நான்கே ஆண்டில் அந்தச் சொல் உடன்படிக்கை ஆயிற்று. அந்தச் சொல்லின் பேரில் பன்னாட்டுத் தீர்ப்பாயம் ஒருவரையாவது தண்டித்ததைப் பார்க்காமலே 1959இல் அவர் இறந்தார்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அக்கயேசு தீர்ப்பு முழுதாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீளமானது, ஒரே மூச்சில் படிக்காதீர்கள். சில பக்கங்களை எட்டிப் பார்க்கவே மனசு இடம் கொடுக்காது, அப்போது மூடிவைத்துவிட்டு மறுநாள் எடுங்கள். கூடவே ஒரு வாரம் உங்கள் மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்குப் போங்கள். பத்தரை மணிக்குத் தொடங்கும். கொலை வழக்கு விசாரணை எதிலாவது பின் பெஞ்சில் போய் உட்காருங்கள், மூடிய அறை விசாரணை தவிர யார் வேண்டுமானாலும் உட்காரலாம். போனை அணைத்துவிட்டு ஒரு நோட்டு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி தன் வாயால் சொன்ன சொல்லை ஒரு பக்கமும், தட்டச்சில் ஏறிய சொல்லை எதிர்ப்பக்கமும் எழுதுங்கள். சாட்சி ஏதோ சொல்ல வாயெடுத்து, யாரும் மேலே கேட்காததால் நிறுத்திக்கொண்ட இடம் வந்தால் அதன் கீழே ஒரு கோடு போடுங்கள்.

வாரம் முடிந்ததும் அந்த நோட்டில் எத்தனை கோடுகள் விழுந்தன என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்